ஓட்டுநரின் மூச்சும் உடைமையாளரின் பொறுப்பும்: கம்பம் பள்ளத்தாக்குப் போக்குவரத்தை முன்வைத்து மதுச் சோதனைச் சட்டங்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

போக்குவரத்துப் பணியாளர் மது அல்லது போதைப்பொருளின் பிடியில் பணிபுரிவதைத் தடுக்கும் சட்டங்கள் இந்தியாவில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையவை. 1890ஆம் ஆண்டின் இருப்புப்பாதைச் சட்டம் தொடங்கி 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் வரையிலான மாற்றங்களை, தேனி மாவட்டம் வீரபாண்டி வழியாகச் செல்லும் கம்பம் பள்ளத்தாக்குப் போக்குவரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. ஓட்டுநரின் உடலை அளப்பதில் சட்டம் படிப்படியாக நுட்பம் பெற்றுள்ளது. ஆனால் அவரைப் பணியமர்த்துபவரின் கடமையை வரையறுப்பதில் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பின்தங்கியே நிற்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.

திறவுச்சொற்கள்: வீரபாண்டி, கம்பம் பள்ளத்தாக்கு, மதுவிலக்கு, மூச்சுச் சோதனை, மோட்டார் வாகனச் சட்டம், போக்குவரத்துத் தொழிலாளர், பணியமர்த்துபவர் பொறுப்பு.

முன்னுரை

தமிழகத்தில் மதுவின் வரலாறு பெரும்பாலும் அரசின் வருவாய், மதுவிலக்கு அரசியல், குடும்ப நலம் ஆகிய மூன்று கோணங்களிலேயே பேசப்பட்டு வந்துள்ளது. மது ஒரு தொழிற்களச் சிக்கலாக எப்போது, எவ்வாறு உருக்கொண்டது என்பது குறைவாகவே கவனிக்கப்பட்டுள்ளது. போக்குவரத்துத் தொழிலில் இவ்வினா தனி முக்கியத்துவம் பெறுகிறது. தறி ஓட்டுபவரின் தடுமாற்றம் பெரும்பாலும் அவரையும் அவர் தறியையும் பாதிக்கும். பேருந்து ஓட்டுபவரின் தடுமாற்றமோ அவரை நம்பி ஏறிய ஐம்பது பேரையும் எதிரே வருபவரையும் பாதிக்கும். அத்தடுமாற்றத்தைத் தடுக்கும் பொறுப்பு ஓட்டுநருடையதா, காவல்துறையுடையதா, அவரைப் பணியமர்த்தியவருடையதா என்னும் வினாவுக்குக் காலந்தோறும் சட்டங்கள் அளித்த விடைகளைத் தொகுத்து ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பள்ளத்தாக்கும் அதன் பாதைகளும்

முல்லையாற்றின் கரையில், தேனியிலிருந்து சின்னமனூர், கம்பம் செல்லும் சாலையில் அமைந்த பேரூர் வீரபாண்டி. கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழா இவ்வூரைச் சுற்று வட்டாரம் முழுவதும் அறியச் செய்தது. ஆண்டின் ஏனைய நாள்களில் இவ்வூர் ஒரு வழித்தட ஊர். திண்டுக்கல்லிலிருந்து தேனி, கம்பம், குமுளி, கோட்டயம் வழியாகக் கொல்லம் செல்லும் 183ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இதனூடே செல்கிறது. முன்னர் இச்சாலையின் தேனி – கொல்லம் பகுதி 220ஆம் எண்ணைப் பெற்றிருந்தது.

இப்பள்ளத்தாக்கின் போக்குவரத்து மூன்று வகையினது. முதலாவது இருப்புப்பாதை. மதுரை – போடிநாயக்கனூர்ப் பாதை 1928இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நிறுத்தப்பட்டுப் பின் மீண்டது. அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்ட இப்பாதையில் 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 ஜூன் மாதம் போடி வரையிலும் தொடர்வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கின. இரண்டாவது அரசுப் பேருந்து. தனியார் நிறுவனங்களிடமிருந்த தடங்கள் அரசுடைமையாக்கப்பட்டபோது, 1972இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. 1997இல் கழகங்களின் தனிப்பெயர்கள் நீக்கப்பட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்னும் பொதுப்பெயர் வழங்கலாயிற்று. மூன்றாவது லாரிகளும் ஜீப்புகளும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைவழிகளில் காய்கறியும் ஏலமும் ஏறி இறங்குகின்றன. விடியலுக்கு முன்பே இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்களும் ஆண்களும் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறுகின்றனர்.

இம்மூவகை வண்டிகளின் ஓட்டுநரும் ஒரே பள்ளத்தாக்கினர். ஒரே கடையில் தேநீர் அருந்துபவர். எனினும் அவர்கள் பணிக்கு வரும்போது உள்ள நிலையைச் சட்டம் மூன்று வெவ்வேறு கண்களால் பார்க்கிறது.

இருப்புப்பாதைச் சட்டம்: பணியே குற்றத்தின் களம்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் பொது இடத்தில் குடிபோதையில் தொல்லை தருபவருக்கு 24 மணி நேரம் வரை வெறுங்காவல் அல்லது 10 ரூபாய் வரை தண்டம் விதித்தது (பிரிவு 510). கவனமின்றி வண்டி ஓட்டுவதை வேறொரு பிரிவில் (279) குற்றமாக்கியது. குடியும் ஓட்டுதலும் அச்சட்டத்தில் தனித்தனியே நின்றன.

இவ்விரண்டையும் 'பணி' என்னும் கருத்தால் இணைத்தது 1890ஆம் ஆண்டின் இந்திய இருப்புப்பாதைச் சட்டம். அதன் 100ஆம் பிரிவு, பணியிலிருக்கும்போது போதையிலிருக்கும் இருப்புப்பாதை ஊழியருக்கு 50 ரூபாய் வரை தண்டம் விதித்தது. அவர் செய்யும் பணி பயணிகளின் உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடியதாயின் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு வழி செய்தது. விபத்து நேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை; போதையில் பணியிலிருப்பதே குற்றம். 1989ஆம் ஆண்டின் இருப்புப்பாதைச் சட்டம் தண்டத்தொகையை 500 ரூபாயாக உயர்த்தி, இதே கட்டமைப்பைத் தன் 172ஆம் பிரிவில் ஏற்றுக்கொண்டது. பணி தொடங்குவதற்கு முந்தைய எட்டு மணி நேரத்திற்குள் மது, மயக்கமருந்து முதலியவற்றை உட்கொள்ளலாகாது என்பது வண்டி இயக்கத்தோடு நேரடித் தொடர்புடைய ஊழியர்க்கான பொதுவிதி. இன்று எஞ்சின் ஓட்டுநர் பணிப்பதிவு செய்யும் இடத்திலேயே மூச்சுச் சோதனைக்கு உட்படுகிறார். சோதனை பணியின் வாயிலில், பணியமர்த்துபவரால் நிகழ்கிறது என்பது இங்குக் கருதத்தக்கது.

முதலாளியின் தற்காப்பாக மது

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் மதுவை நேரெதிர்க் கோணத்தில் அணுகியது. பணியின்போது தொழிலாளருக்கு ஏற்படும் காயத்திற்கு முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்று விதித்த அச்சட்டம், காயம் நேர்ந்தபோது தொழிலாளர் மது அல்லது போதைப்பொருளின் பிடியில் இருந்ததே அதற்கு நேரடிக் காரணமாயின் அப்பொறுப்பிலிருந்து முதலாளியை விடுவித்தது. இறப்புக்கு இவ்விலக்கு பொருந்தாது.

இவ்விதியின் வரலாற்று முக்கியத்துவம் கவனிக்கத்தக்கது. தொழிலாளர் குடித்திருந்தால் அது முதலாளிக்குக் கிடைக்கும் ஒரு வாதம். குடித்தவரை வண்டியில் ஏற்றிய முதலாளியின் செயல் வினாவுக்கு உட்படவில்லை. தொழிலாளரின் மது முதலாளியின் கடமையைக் கூட்டாமல் குறைத்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமும் இதை மாற்றவில்லை. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்களுக்குப் பொருந்திய அச்சட்டம், நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்னும் பணிநேர வரம்பையும் ஓய்வறை, மருத்துவ வசதி முதலியவற்றையும் வகுத்தது. போதைச் சோதனை குறித்து அது ஏதும் விதிக்கவில்லை. ஒன்றிரண்டு ஜீப் வைத்துத் தொழில் நடத்துபவர் ஐந்து தொழிலாளர் என்னும் வரம்புக்கே வெளியே நின்றதால், மலைவழிகளில் ஆள் ஏற்றிச் செல்லும் பெரும்பகுதிப் போக்குவரத்துக்கு அப்பணிநேர வரம்பும் எட்டவில்லை.

மதுவிலக்குக் காலம்: 'குடித்தாரா?'

1937 அக்டோபர் 1ஆம் நாள் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. போர்க்காலத்தில் தளர்ந்த அத்திட்டம், விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மீண்டும் விரிந்து 1948இல் மாகாணம் முழுவதற்குமானது. அன்றைய மதுரை மாவட்டத்தின் பகுதியான கம்பம் பள்ளத்தாக்கும் இதனுள் அடங்கும். மதுவிலக்கு நிலவிய ஆண்டுகளில் மது அருந்துவதே குற்றம். ஓட்டுநர் எவ்வளவு குடித்தார் என்று அளக்கச் சட்டத்திற்குத் தேவையிருக்கவில்லை. குடித்தாரா என்பதே வினா.

இதே காலத்தில் நடைமுறையிலிருந்த 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வேறோர் அளவுகோலைக் கொண்டிருந்தது. அதன் 117ஆம் பிரிவு, வண்டியை உரியவாறு கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு மது அல்லது போதைப்பொருளின் பிடியில் இருப்பதைக் குற்றமாக்கியது. இயலாமையை மெய்ப்பிக்க வேண்டும். அதற்குச் சான்று காவலரின் பார்வையும் மருத்துவரின் மோப்பமுமே. இத்தகைய சான்றின் வலுவின்மையை உச்சநீதிமன்றம் 1971ஆம் ஆண்டின் பச்சுபாய் ஹசனல்லி கார்யானி வழக்கில் சுட்டிக்காட்டியது. மூச்சில் மது நாற்றம், தள்ளாடும் நடை, குழறும் பேச்சு, விரிந்த கண்மணி ஆகியவற்றை மட்டும் கொண்டு ஒருவர் மது அருந்தினார் என்று முடிவு செய்யவியலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே ஆண்டில் தமிழகத்தில் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது தற்செயலான உடன்நிகழ்வு. எனினும் இரண்டும் சேர்ந்து ஒரு புதிய தேவையைத் தோற்றுவித்தன: குடிப்பது சட்டப்படி இயல்வதாகி, குடித்து ஓட்டுவது மட்டும் குற்றமாகும்போது, அவ்விரண்டுக்கும் இடையிலான கோட்டை எண்ணால் வரைந்தாக வேண்டும்.

'எவ்வளவு?': எண்ணின் வருகை

இரத்தத்தில் மதுவின் அளவைச் சட்ட வரம்பாக்கும் முறையை உலகில் முதன்முதலாக 1936இல் நார்வே மேற்கொண்டது. அமெரிக்கரான இராபர்ட் போர்க்கன்ஸ்டைன் 1954இல் உருவாக்கிய மூச்சுப் பகுப்பாய்வுக் கருவி, ஊசியின்றிச் சாலையோரத்திலேயே அளவிடும் வழியைத் திறந்தது. பிரிட்டன் 1967ஆம் ஆண்டின் சாலைப் பாதுகாப்புச் சட்டத்தில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்னும் வரம்பை வகுத்தது.

இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு தொடக்கத்தில் எவ்வளவு சிறிதாயினும் இரத்தத்தில் மது இருத்தலாகாது என்றது. மதுவிலக்கு மனநிலையின் எச்சம் இதில் தெரிகிறது. 1994ஆம் ஆண்டின் திருத்தம் அதை மாற்றி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்னும் வரம்பை மூச்சுப் பகுப்பாய்வுக் கருவியோடு பிணைத்தது. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஆய்வகச் சோதனை உள்ளிட்ட பிற சோதனைகளையும் சேர்த்து, முதற்குற்றத்திற்கான தண்டத்தை 2,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தியது. சோதனை செய்யும் அதிகாரம் 203ஆம் பிரிவின்படி சீருடையணிந்த காவலருக்கும் அதிகாரம் பெற்ற மோட்டார் வாகனத்துறை அலுவலருக்கும் உரியது. அதற்கு ஐயத்திற்கான தக்க காரணம் வேண்டும். ஆகவே எண் வந்தது. ஆனால் அந்த எண்ணைப் பார்ப்பவர் சாலையில் நிற்கும் காவலரே. வண்டி புறப்படும் இடத்தில் நிற்கும் உடைமையாளர் அல்லர்.

அளவற்ற பிரிவு: போதைப்பொருள்

மதுவுக்குக் கிடைத்த எண் பிற போதைப்பொருள்களுக்குக் கிடைக்கவில்லை. 185ஆம் பிரிவின் இரண்டாம் கூறு, வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்குப் போதைப்பொருளின் பிடியில் இருப்பது என்னும் 1939ஆம் ஆண்டின் சொல்லாட்சியையே தொடர்கிறது. கம்பம் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை இது நூலளவிலான குறை மட்டுமன்று. பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைகளின் பெயர் கஞ்சாவோடு இணைத்துப் பேசப்பட்ட பதிற்றாண்டுகள் உண்டு. 1893–94ஆம் ஆண்டுகளின் இந்தியக் கஞ்சா ஆணையம் முழுத் தடையைப் பரிந்துரைக்கவில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டமே கஞ்சாவை நாடு தழுவிய கடுந்தடைக்கு உட்படுத்தியது. அச்சட்டம் வைத்திருத்தல், கடத்தல், நுகர்தல் ஆகியவற்றை நோக்கியது, பணியிடத்தை நோக்கியதன்று.

மேலும், மூச்சுக் கருவி கஞ்சாவை அறியாது. சிறுநீர்ச் சோதனையோ நாள்கள் பல கடந்த பின்னும் அதன் எச்சத்தைக் காட்டக்கூடும். அது முன்னர் நுகர்ந்ததைக் காட்டுமேயன்றி இப்போதைய தடுமாற்றத்தைக் காட்டாது. எனவே போதைப்பொருள் சோதனையில் முதற்கட்டச் சோதனை, உறுதிப்படுத்தும் ஆய்வகச் சோதனை, மருத்துவரின் மதிப்பீடு ஆகிய படிநிலைகள் இன்றியமையாதன. இந்தியாவில் இத்தகைய படிநிலைமுறை வான்போக்குவரத்தில்தான் வந்துள்ளது. வானூர்திப் பணியாளர்க்கான போதைப்பொருள் சோதனை விதிகள் 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்தன. ஜீப்பும் லாரியும் அவ்வளையத்திற்கு வெளியே உள்ளன.

உடைமையாளர் எங்கே?

மோட்டார் வாகனச் சட்டம் உடைமையாளரைப் பொறுப்பாக்கத் தெரியாத சட்டமன்று. மிகைச்சுமை குறித்த 194ஆம் பிரிவு, ஓட்டுபவரை மட்டுமன்றி ஓட்டச் செய்பவரையும் ஓட்ட விடுபவரையும் தண்டிக்கிறது. 2019இல் சேர்க்கப்பட்ட 199அ பிரிவு, சிறார் வண்டி ஓட்டிக் குற்றமிழைத்தால் காப்பாளர் அல்லது உடைமையாளர் குற்றவாளியெனவே கொள்கிறது. தாம் அறியாமல் நிகழ்ந்தது என்றோ, தடுக்கத் தக்க கவனம் எடுத்தோம் என்றோ மெய்ப்பிக்கும் சுமை அவர்மீதே விழுகிறது. குடித்து ஓட்டும் பணியாளரைப் பொறுத்தவரை இத்தகைய ஊகம் எதுவுமில்லை. 188ஆம் பிரிவு உடந்தையாயிருப்பவரையும் அதே தண்டனைக்கு உட்படுத்துகிறது எனினும், உடந்தையை வழக்குத் தொடுப்பவரே மெய்ப்பிக்க வேண்டும். சோதித்துப் பார்க்காத உடைமையாளர் அறியாதவராகிறார்; அறியாதவர் உடந்தையாக மாட்டார். இவ்வகையில் சோதிக்காமலிருப்பதே உடைமையாளருக்குக் காப்பாகும் முரண் நிலவுகிறது.

ஏற்றிய சுமையின் எடைக்கு உடைமையாளர் விடை சொல்ல வேண்டும். ஓட்டுபவரின் நிலைக்கு விடை சொல்ல வேண்டியதில்லை என்பதே இவ்விதிகளை ஒருங்குவைத்துப் பார்க்கையில் புலப்படும் நிலை.

விற்பவரும் பணியமர்த்துபவரும்

தமிழகத்தில் இச்சிக்கலுக்கு மற்றொரு பரிமாணமும் உண்டு. 1983இல் தோன்றிய தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்) 2003 நவம்பர் முதல் மதுச் சில்லறை விற்பனையையும் தனியுரிமையாக மேற்கொண்டது. அதன்பின் பேருந்து ஓட்டுநரைப் பணியமர்த்துவதும் மது விற்பதும் ஒரே அரசின் இரு கழகங்களாயின. தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஓரத்திலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 அல்லது அதற்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிப் பகுதிகளில் அத்தொலைவு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் நகராட்சி எல்லைக்குட்பட்ட கடைகளுக்குத் தளர்வு தரப்பட்டது. கடையைச் சாலையிலிருந்து நகர்த்துவதும் ஓட்டுநரைப் பணிக்கு முன் சோதிப்பதும் ஒரே நோக்கத்தின் இரு வழிகள். நீதிமன்றத்தின் கவனம் முதல் வழியில் குவிந்தது. இரண்டாவது வழி நிறுவனங்களின் உள்நடைமுறைக்கு விடப்பட்டது.

மலைக்கு அப்பால்: கேரளத்தின் அனுபவம்

அவ்வுள்நடைமுறை கடுமையாகும்போது என்ன நேரும் என்பதற்குச் சான்று குமுளிக்கு அப்பாலேயே கிடைக்கிறது. கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் 2024 ஏப்ரலில் பணிக்கு வருவோரிடம் மூச்சுச் சோதனையைத் தீவிரமாக்கியது. முதல் இரு வாரங்களில் 100 பேர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவர்களில் 74 நிரந்தரப் பணியாளர்கள் தற்காலிகப் பணிநீக்கம் பெற்றனர். தற்காலிக, பதிலிப் பணியாளர்கள் 26 பேர் பணியிலிருந்தே அகற்றப்பட்டனர். குற்றச்சாட்டு ஒன்றே, விளைவோ பணியின் தன்மைக்கேற்ப வேறுபட்டது.

2025 ஜூலையில் பந்தளம் பணிமனையில் மது அருந்தாத ஓட்டுநர்கள் சோதனையில் தவறினர். அவர்கள் உண்ட, நன்கு பழுத்து நொதித்த பலாச்சுளையே காரணமெனப் பின்னர்த் தெரியவந்தது. வாயில் தங்கிய மது, நுரையீரலிலிருந்து வரும் மூச்சின் அளவை மிகைப்படுத்திக் காட்டும். சிறிது நேரம் காத்திருந்து மறுசோதனை செய்வதும் ஐயமிருப்பின் இரத்தச் சோதனை செய்வதும் இதற்கான தீர்வுகள். மூச்சுக் கருவி தருவது இரத்த அளவின் நேரடி எண்ணன்று. மூச்சுக்கும் இரத்தத்திற்கும் 1:2100 என்னும் பொதுவிகிதத்தை வைத்துக் கணித்த எண். கருவியின் ஒரே எண்ணில் ஒரு குடும்பத்தின் வருவாய் தங்கியிருக்கும்போது, மறுசோதனை உரிமை சலுகையாகாது. அது இயற்கை நீதியின் பகுதி.

மறுபுறம், பணியில் குடித்து ஓட்டுவதைச் சிறு குற்றமாகக் கொள்ளலாகாது என்பதையும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. உத்தரப்பிரதேச ஆயுதக் காவற்படையின் ஓட்டுநர் பிரிஜேஷ் சந்திர துவிவேதி தொடர்பான வழக்கில் 2022 ஜனவரியில் உச்சநீதிமன்றம், பெரும் விபத்து நேராதது நற்பேறே என்றும் அதைக் காரணம் காட்டித் தப்பவியலாது என்றும் கருதியது. எனினும் நீண்ட பணிக்காலத்தைக் கருதிப் பணிநீக்கத்தைக் கட்டாய ஓய்வாக மாற்றியது.

பிறநாட்டு ஒப்பீடு

1987 ஜனவரியில் மேரிலாந்து மாநிலம் சேஸ் என்னுமிடத்தில் 16 உயிர்களைப் பறித்த தொடர்வண்டி விபத்தும், 1991 ஆகஸ்டில் நியூயார்க் சுரங்கத் தொடர்வண்டி விபத்தும் அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டின் போக்குவரத்துப் பணியாளர் சோதனைச் சட்டத்திற்கு வழிவகுத்தன. பணியில் சேருமுன், முன்னறிவிப்பின்றி, விபத்துக்குப் பின், ஐயத்தின்பேரில், மீண்டும் பணியேற்கும்போது எனச் சோதனைத் தருணங்கள் வகுக்கப்பட்டன. நடத்தும் கடமை பணியமர்த்துபவருடையது. அதே விதித்தொகுப்பு இரண்டாம் மாதிரி, மருத்துவ மதிப்பாய்வு, மறுவாழ்வு ஆகியவற்றுக்கும் இடமளித்தது. பிரிட்டனின் 1992ஆம் ஆண்டின் போக்குவரத்துப் பணிகள் சட்டம் வேறொரு வழியைத் தேர்ந்தது. இருப்புப்பாதைப் பணியாளர் போதையிலிருந்தால் நிறுவனமும் குற்றவாளியாகும். உரிய கவனம் அனைத்தும் எடுத்ததாக மெய்ப்பித்தால் மட்டுமே அது விடுபடும். சோதனையை நேரடியாகக் கட்டளையிடாமலே, சோதிப்பதை நிறுவனத்தின் நலனாக்கும் உத்தி இது. இந்தியச் சட்டத்தின் 199அ பிரிவு சிறாரைப் பொறுத்து இதே உத்தியைக் கையாள்வதால், இது இந்தியச் சட்ட மரபுக்கு அயலானது என்று கூறவியலாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, போதையில் பணிபுரிதல் என்னும் குற்றம் இந்தியாவில் இருப்புப்பாதையில் பணிசார்ந்த குற்றமாகத் தோன்றி, சாலையில் ஓட்டுநரின் தனிக்குற்றமாக மாறியது. இரண்டாவது, மதுவிலக்கிலிருந்து மது விற்பனைக்கு மாறிய காலத்தோடு 'குடித்தாரா' என்னும் வினா 'எவ்வளவு' என்னும் வினாவாக மாறியது. ஆயினும் அவ்வளவை அளக்கும் கடமை சாலைப் போக்குவரத்தில் பணியமர்த்துபவருக்கு வந்து சேரவில்லை. மூன்றாவது, சோதனை கடமையாகும் இடங்களில் தொழிலாளருக்கான மறுசோதனை உரிமை அதனுடன் சேர்ந்தே வகுக்கப்பட வேண்டும். இன்றேல் தற்காலிகப் பணியாளரே அதன் முழுச்சுமையையும் சுமப்பர்.

போடியில் தொடர்வண்டி எடுக்கும் ஓட்டுநர் புறப்படுமுன் சோதிக்கப்படுகிறார். அதே விடியலில் வீரபாண்டிச் சாலையில் பதினைந்து தொழிலாளரை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்பின் ஓட்டுநர், வழியில் காவலர் ஐயுற்றாலன்றிச் சோதிக்கப்படுவதில்லை. வண்டியிலிருப்போரின் உயிர்மதிப்பில் வேறுபாடில்லை. வேறுபாடு 1890ஆம் ஆண்டின் சட்டமும் 1939ஆம் ஆண்டின் சட்டமும் பொறுப்பை வெவ்வேறு தோள்களில் வைத்ததில் உள்ளது. அவ்வரலாற்றுப் பிரிவை இணைப்பது இனிவரும் சட்டத்திருத்தங்களின் கடமையாகும்.